ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை: இரண்டு ரிப்போர்ட் இரண்டு விதமாகச் சொன்னால்

இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நாலாக மடித்து மடித்து நைந்து போயிருந்தால் நீவி விடுங்கள். ‘பாசிட்டிவ்’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும் இடத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு மேலே பொடி எழுத்தில் டெஸ்டின் பெயர் ஒன்று இருக்கும். நம் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

திருப்பூரிலும் அப்புறம் கோவையிலுமாகப் பதினெட்டு வருடமாக லேப் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, ரிப்போர்ட் கொடுப்பது எல்லாம் செய்திருக்கிறேன். சர்க்கரை ரிப்போர்ட்டை வாங்கியவர்கள் நின்ற இடத்திலேயே சத்தமாகப் படிப்பார்கள். ஹெர்பிஸ் ரிப்போர்ட்டை வாங்கியவர்கள் ஓரமாகப் போய் நிற்பார்கள். கூட்டம் குறைந்ததும் திரும்பி வந்து, “ஏனுங்க அக்கா, அந்த லேப்ல நெகட்டிவ்னாங்க, இங்க பாசிட்டிவ்னு வந்திருக்குது, எதுங்க நெசம்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கேள்வியைக் கேட்ட ஒரு பனியன் கம்பெனி டெய்லரிடம், ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பாசிட்டிவ்தாங்க, டாக்டரைப் பாருங்க” என்று சொல்லி அனுப்பினேன். அது ஐஜிஎம் என்ற டெஸ்ட், ஹெர்பிஸுக்கு அதை நம்பக் கூடாது; ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் காகிதத்தை நம்பி அவரே போய்ப் பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாலு மாதம் கழித்து வேறொரு டாக்டர் சொல்லி மறுபடி டெஸ்ட் எடுத்தபோது இரண்டு வகை ஹெர்பிஸும் அவருக்கு இல்லை. அந்த ரிப்போர்ட்டையும் நான்தான் என் கையால் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த டெஸ்டைப் பற்றி யார் கேட்டாலும் உட்காரவைத்துத்தான் பேசுகிறேன். அப்படி எதிரில் உட்காரவைத்துச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த ஹெர்பிஸ்?

ஹெர்பிஸ் என்றதும் நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அக்கி ஞாபகம் வரும். இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாகப் பட்டை போலக் கொப்புளம் வரும், எரியும். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். டாக்டர்கள் அதைச் சொல்வது ஹெர்பிஸ் ஸோஸ்டர் என்று. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, வயதான பிறகோ உடம்பு தளர்ந்தபோதோ மறுபடி கிளம்புவது அது. நாம் பேசப்போகும் கிருமி வேறு. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் பெயரில் பாதி ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். உங்களுக்கு வந்தது அக்கி என்றால் இந்த ரத்தப் பரிசோதனையே தேவையில்லை. கொப்புளம் வந்த மூன்று நாளைக்குள் டாக்டரிடம் போனால் மாத்திரை நன்றாகக் கேட்கும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் அன்றைக்கே போங்கள்.

ரிப்போர்ட்டில் ‘எச்எஸ்வி’ என்று போட்டிருப்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அதில் இரண்டு வகை. எச்எஸ்வி-1 பெரும்பாலும் உதட்டோரம் வருவது. காய்ச்சல் வந்தால், வெயிலில் அலைந்தால் உதட்டில் கொத்தாகக் கொப்புளம் வருமே, ‘உடம்புச் சூடு’ என்று வெண்ணெய் தடவுவோமே, பல சமயம் அது இதுதான். குழந்தையாக இருக்கும்போது பாட்டியோ அத்தையோ கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். எச்எஸ்வி-2 பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பிறப்புறுப்புப் பகுதிக்கு வருவது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு முதல் வகை இருக்கிறது. 15 முதல் 49 வயதுக்குள் நூற்றுக்கு 13 பேருக்கு இரண்டாம் வகை இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அதனால் ‘எச்எஸ்வி-1 ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று மட்டும் வந்திருந்தால் யாரையும் சந்தேகப்படாதீர்கள். அந்த வரி நம்மில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் இருக்கும். முதல் வகை வாய் வழியாகக் கீழேயும் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ரத்தம் சொல்லாது.

அப்புறம், ஐஜிஎம்மா ஐஜிஜியா?

முரண்பட்ட ரிப்போர்ட்டோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் குழப்பம் இந்த இடத்தில்தான். கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதை எதிர்த்து ஆன்டிபாடி என்ற பொருளை உண்டாக்குகிறது. முதலில் வருவது ஐஜிஎம், சில வாரம் கழித்து வந்து காலத்துக்கும் நிலைப்பது ஐஜிஜி. எல்லாப் பாடப் புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கும். அதை வைத்து ‘ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதிதாக வந்தது, ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் பழசு’ என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். வேறு சில நோய்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஹெர்பிஸுக்குச் சரிவராது.

காரணம் இது. பத்து வருடப் பழைய ஹெர்பிஸ் மறுபடி ஒருமுறை கிளம்பினாலும் ஐஜிஎம் வரும். அதனால் புதிதா பழையதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. முதல் வகையா இரண்டாம் வகையா என்பதையும் அது ஒழுங்காகப் பிரிக்காது. ஹெர்பிஸே இல்லாதவர்களுக்கு வேறு காரணத்தால் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் டெஸ்டைப் பயன்படுத்த வேண்டாம் என்றே எழுதிவைத்திருக்கிறது. ஆனாலும் நம் ஊர் லேப்களின் விலைப்பட்டியலில் அது இருக்கிறது. டாக்டர் சீட்டில் எழுதுகிறார், நாங்களும் எடுத்துக்கொடுக்கிறோம்.

ஆகவே ஒரு ரிப்போர்ட் ஐஜிஎம் பாசிட்டிவ், இன்னொன்று ஐஜிஜி நெகட்டிவ் என்றால் அந்த இரண்டு காகிதத்துக்கும் சண்டையே இல்லை. இரண்டும் வெவ்வேறு டெஸ்ட். ஐஜிஎம் ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஐஜிஜியை மட்டும், சந்தேகப்படும் நாளிலிருந்து 12 வாரம் கழித்து ஒருமுறை எடுங்கள். உண்மையிலேயே புதிதாக வந்திருந்தால் அதற்குள் ஐஜிஜி அநேகமாகப் பாசிட்டிவாக மாறியிருக்கும். 12 வாரம் கழித்தும் ஐஜிஜி நெகட்டிவ் என்றால் அந்த ஐஜிஎம் பொய் சொல்லியிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

இங்கே டார்ச் டெஸ்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கரு இரண்டு முறை கலைந்துவிட்டது என்றால் நம் பக்கத்தில் உடனே எழுதுவது இதைத்தான். டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் எல்லாவற்றையும் ஒரே ரத்தத்தில் பார்ப்பது. ஈரோட்டுப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். மஞ்சப்பை நிறையப் பழைய ரிப்போர்ட். டார்ச்சில் ஹெர்பிஸ் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று யாரோ சிவப்புப் பேனாவால் இரண்டு முறை வட்டம் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எங்கேயாவது பழக்கம் இருந்ததா என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதெல்லாம் மாமியார்தான். “இந்தப் பிளஸ்ஸு போற வரைக்கும் கொழந்தை தங்காதுங்களாமா?”

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே, தொடர்ந்து கரு கலைபவர்களுக்கு வழக்கமாக டார்ச் எடுப்பதைக் கைவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அடுத்தடுத்து கரு கலைவதற்கு இந்தத் தொற்றுகள் காரணமாவதில்லை என்பதால்தான் அப்படிச் சொன்னார்கள். இதை அந்த மாமியாருக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் அவர், “அப்போ எம் மருமக மேல தப்பில்லீங்களா?” என்று கேட்டார். இல்லைங்க என்றேன். வட்டம் போட்ட அந்தக் காகிதத்தை அவரே எடுத்துப் பையின் அடியில் வைத்தார். உங்கள் வீட்டில் இப்படி ஒரு காகிதம் இருந்தால் தயவுசெய்து அதை வைத்து யாரையும் கேள்வி கேட்காதீர்கள்.

இரண்டும் ஐஜிஜிதான், ஆனாலும் முரண் என்றால்

இப்போது கையை எடுத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். பாசிட்டிவ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதற்குப் பக்கத்தில் எதற்குக் கீழே நெகட்டிவ், எதற்கு மேலே பாசிட்டிவ் என்ற வரம்பும் இருக்கும். எண் இல்லாமல் பாசிட்டிவ் என்று மட்டும் அடித்துக் கொடுத்திருந்தால் லேபுக்குப் போன் செய்து கேட்டு வாங்குங்கள். அதை வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டு லேபின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். ஒரு கம்பெனியின் கிட்டில் 1.1-க்கு மேல் போனால் பாசிட்டிவ், இன்னொன்றில் 11-க்கு மேல், வேறொன்றில் 22-க்கு மேல். முதல் லேபில் 2, இரண்டாவது லேபில் 14 என்று வந்ததால் நோய் ஏழு மடங்கு ஏறிவிட்டது என்று கண் கலங்கி நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கிட்டின் வரம்பு 22. அவருக்கு வந்த 14 நெகட்டிவ். எண் எதுவானாலும் அது வரம்புக்குப் பக்கத்தில் நிற்கிறதா, வெகுதூரம் தாண்டிவிட்டதா என்பதை மட்டும் பாருங்கள்.

வரம்பை ஒட்டி வரும் பாசிட்டிவைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். எச்எஸ்வி-2-க்கு உலகத்தில் அதிகம் புழங்கும் ஒரு வகை கிட்டை எடுத்துக்கொண்டால், 1.1-க்கு மேல் 3-க்குள் வரும் பாசிட்டிவில் தவறானவை ஏராளம். அதனால் அந்த அளவில் வந்தால் வேறு முறையில் இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்யாமல் நோய் இருக்கிறது என்று சொல்லக் கூடாது என்று சிடிசியின் 2021 வழிகாட்டுதல் சொல்கிறது. உதட்டு ஹெர்பிஸ், அதாவது முதல் வகை இருப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பொய்ப் பாசிட்டிவ் இன்னும் அதிகமாக வருகிறது. நம்மில் எத்தனை பேருக்கு முதல் வகை இருக்கிறது என்று மேலே பார்த்தோம். 3-க்கு மேலே வந்தால் நம்பிக்கை கூடுகிறது. அதுவும் நூற்றுக்கு நூறு கிடையாது.

ஏன் இப்படி நடக்கிறது? இரண்டு வகைக் கிருமியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. உடம்பில் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். கிளைக்கோபுரோட்டீன்-ஜி என்று ஒரு புரதம் மட்டும் இருவருக்கும் வேறு, ஒரு பிள்ளைக்கு மட்டும் கன்னத்தில் மச்சம் இருப்பது போல. நல்ல டெஸ்ட் அந்த மச்சத்தை மட்டும் தேடும். இதைத்தான் ‘டைப் ஸ்பெசிஃபிக்’ என்கிறார்கள். ‘எச்எஸ்வி 1 அண்ட் 2 ஐஜிஜி’ என்று இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுத்திருந்தால் அது மச்சம் பார்க்காத டெஸ்ட். உங்களுக்கு இருப்பது உதட்டு வகையாகவே இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. லேபில் கேட்கும்போது, “ரெண்டையும் தனித்தனியா எண் போட்டுத் தருவீங்களா?” என்று கேளுங்கள். அது போதும், அவர்களுக்குப் புரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. புரிவதற்காக நானே எண்ணை வைத்துச் சொல்கிறேன். புண் எதுவும் இல்லாத நூறு பேர் மொத்த ‘மாஸ்டர் செக்கப்’ எடுக்க வருகிறார்கள். அதில் ஐந்து பேருக்கு உண்மையில் இருக்கிறது. டெஸ்ட் அந்த ஐந்தையும் பிடித்துவிடுகிறது. இல்லாத 95 பேரில் நூற்றுக்கு ஐந்து என்று தவறு செய்தால்கூட இன்னொரு ஐந்து பேருக்குப் பாசிட்டிவ் வரும். ஆக, கையில் பாசிட்டிவ் காகிதத்தோடு நிற்கும் பத்துப் பேரில் ஐந்து பேருக்கு நோயே கிடையாது. டெஸ்ட் நல்லதாக இருந்தும் இந்தக் கதி. இதனால்தான் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016-இலும் மறுபடி 2023-இலும், அறிகுறி இல்லாதவர்களுக்குச் சும்மா இந்த ரத்தப் பரிசோதனை எடுக்கவே வேண்டாம் என்று சொன்னது. கல்யாணத்துக்கு முன்னால் இரு வீட்டாரும் டெஸ்ட் எடுத்துக்கொள்வது இப்போது நம் பக்கமும் நடக்கிறது. எச்ஐவி, ரத்த வகை, தலசீமியா எல்லாம் பாருங்கள், நல்லதுதான். புண் வந்த சரித்திரமே இல்லாதவருக்கு ஹெர்பிஸைச் சேர்க்காதீர்கள். வேண்டாத கலக்கம்தான் மிஞ்சும்.

உறுதி செய்யும் டெஸ்ட் என்று உலகம் ஒப்புக்கொள்வது வெஸ்டர்ன் பிளாட். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலமாக அதைச் செய்கிறார்கள். இங்கிருந்து ரத்தத்தை அனுப்பி அதை எடுப்பது எல்லோராலும் ஆகிற காரியமா? நாம் செய்யக்கூடியது, முதல் டெஸ்ட் எந்த கிட்டில், எந்த முறையில் எடுத்தது என்று பார்த்துவிட்டு, வேறு முறையில், வேறு லேபில், இரண்டு வகையையும் பிரித்து எடுப்பது. ரிப்போர்ட்டில் ‘மெத்தட்’ என்ற இடத்தில் எலைசா அல்லது சிஎல்ஐஏ என்று போட்டிருக்கும். ஒரே கிட்டில் மூன்று முறை எடுத்தால் ஒரே தவறு மூன்று முறை வரும், பணம்தான் போகும்.

முதல் வகைக்கு இதற்கு நேர்மாறாக ஒரு குறை உண்டு. இருப்பதைத் தவறவிடுவது. சில கிட்கள் பத்துப் பேரில் மூன்று பேர் அளவுக்கு விட்டுவிடுகின்றன. எச்எஸ்வி-1 ஒரு லேபில் பாசிட்டிவ், ஒரு லேபில் நெகட்டிவ் என்றால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

தேதியைப் பாருங்கள்

ரத்தம் எடுத்த தேதி ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இருக்கும். ‘கலெக்டட்’ என்ற சொல்லுக்கு எதிரே இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ‘ரிப்போர்ட்டட்’ என்பது காகிதம் அச்சான தேதி. இரண்டு லேபுக்கும் இடையே எத்தனை வாரம் என்று எண்ணுங்கள்.

கிருமி வந்த மறுநாளே ஐஜிஜி வராது. சிலருக்கு மூன்று நாலு வாரத்தில் வரும், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். ஆடிப் பதினெட்டு அன்று நடந்த ஒன்றுக்காகப் பயப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆடி முடிவதற்குள் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்றால், அது ஆடிக்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றித்தான் பேசுகிறது. நம்பிப் பேசக்கூடிய டெஸ்ட் ஐப்பசி இரண்டாவது வாரத்துக்கு மேல் எடுப்பது. நடுவில் ஆவணியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருந்தால் டெஸ்டுக்கொரு பதில்தான் வரும். ‘முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ்’ என்ற வரிசையில் வந்து, இரண்டாவது எண்ணும் வரம்பை நன்றாகத் தாண்டியிருந்தால், அந்த இரண்டு ரிப்போர்ட்டுமே சரியாக இருக்கலாம். தொற்று அந்த இடைவெளியை ஒட்டி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

புண் இருந்தால் ரத்தத்தை விட்டுவிடுங்கள்

கொப்புளமோ புண்ணோ இப்போது இருக்கிறதென்றால் லேபுக்கு ரத்தம் கொடுக்க ஓடாதீர்கள். அந்தப் புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்து (இதுதான் ஸ்வாப்) பிசிஆர் பார்ப்பதுதான் நல்ல டெஸ்ட். கொரோனா காலத்தில் மூக்கில் விட்டு எடுத்தார்களே, அதே முறை. எந்த வகை என்பதையும் அது சொல்லிவிடும். கொப்புளம் புதிதாக, நீர் கோத்திருக்கும்போதே போக வேண்டும். முதல் இரண்டு நாளுக்குள் என்றால் உத்தமம். வெட்கப்பட்டு ஒரு வாரம் வீட்டில் களிம்பு போட்டுப் பார்த்துவிட்டு, பொருக்குத் தட்டிய பிறகு வந்தால் கிருமி சிக்காமல் போகலாம். அப்போது நெகட்டிவ் வந்தால் ஹெர்பிஸ் இல்லை என்று ஆகிவிடாது.

புண்ணில் எடுத்தது பாசிட்டிவ், ரத்தம் நெகட்டிவ் என்றால் புண்ணை நம்புங்கள். பெரும்பாலும் தொற்று புதிதாக இருக்கும், ரத்தத்தில் ஐஜிஜி இன்னும் வந்திருக்காது. இதையே திருப்பிப் பார்த்தால் இன்னொரு விஷயம் கிடைக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாகப் புண் வந்திருக்கிறது, பிசிஆரில் இரண்டாம் வகை என்று வருகிறது, அதே நாளில் எடுத்த ரத்தத்திலும் இரண்டாம் வகை ஐஜிஜி ஓங்கி நிற்கிறது. அப்படியென்றால் கிருமி உள்ளே வந்து பெரும்பாலும் பல மாதமோ பல வருடமோ ஆகியிருக்கும், புண்தான் இப்போது வந்திருக்கிறது. புண் போன வாரம் வந்தது என்பதற்காகப் போன மாதம் வெளியூர் போய் வந்த கணவனையோ மனைவியையோ குற்றவாளி ஆக்க முடியாது. எத்தனையோ தம்பதிகளின் சண்டை இந்த ஓர் இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டதால் வருகிறது.

ஒருவருக்குப் பாசிட்டிவ், மற்றவருக்கு நெகட்டிவ் என்பதும் அப்படித்தான். பத்து வருடம் ஒன்றாகக் குடும்பம் நடத்தியும் தொற்றாமல் இருப்பது சாதாரணமாக நடக்கிறது. புண் இல்லாத நாளிலும் கிருமி தோல் வழியே வெளிப்படலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், அறவே நீக்காது. புண் இருக்கும் நாளில் விலகி இருப்பதும், டாக்டர் சொன்னால் தினமும் மாத்திரை எடுப்பதும் இன்னும் குறைக்கும். துண்டு, டாய்லெட், தண்ணீர்த் தொட்டி வழியாக வராது. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது யாருக்கும் பிரயோஜனம் இல்லாத தண்டனை.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. பழைய ஹெர்பிஸ் இருக்கும் தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிரசவம் நெருங்கிய மாதங்களில் புதிதாகத் தொற்றினால் அது 30 முதல் 50 வரை போகிறது. அதனால் முன்பு எப்போதாவது கீழே புண் வந்திருந்தால், கணவருக்கு இருந்திருந்தால்கூட, மகப்பேறு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள், வலி எடுக்கும்போது புண் இருந்தால் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பார்கள். வழி இருக்கிறது, அவருக்குத் தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

யாரிடம் போவது, என்ன கேட்பது

ரிப்போர்ட்டைக் கொண்டு போக வேண்டியது தோல் மற்றும் பால்வினை நோய் டாக்டரிடம். லேபில் நாங்கள் டெஸ்டைப் பற்றிச் சொல்லலாம், நோயை முடிவு செய்ய முடியாது. தனியாரிடம் போகச் செலவும் தயக்கமும் இருந்தால் கோவை, சேலம், பெருந்துறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று ஓபி சீட்டு எழுதும் இடத்தில் கேளுங்கள். வாய்விட்டுக் கேட்க ஒரு மாதிரியாக இருந்தால் ‘தோல் டாக்டர்’ என்று சொன்னாலும் வழி காட்டிவிடுவார்கள். புண்ணைப் பார்த்ததுமே ஹெர்பிஸ் என்று டாக்டருக்குத் தோன்றினால், அரசுத் திட்டத்தில் இதற்கென்றே ஐந்தாம் எண் சிவப்புப் பொட்டலம் உண்டு. ஏசைக்ளோவிர் 400 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். கீழே புண் வந்தவர்கள் அப்படியே மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்கும் போய் எச்ஐவி பார்த்துவிடுங்கள், சிபிலிஸுக்கான ரத்தமும் கொடுத்துவிடுங்கள். இரண்டும் இலவசம். அந்த இரண்டு டெஸ்டும் ஹெர்பிஸ் டெஸ்டைவிட அவசியமானவை, அதை எத்தனை பேரோ மறந்துவிடுகிறார்கள். போவதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 1097 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். எச்ஐவிக்கான உதவி எண்தான், ஆனால் பால்வினை நோய் பற்றியும் கேட்கலாம். கட்டணம் கிடையாது.

டாக்டரின் அறைக்குள் போனதும் பயத்தில் எல்லாம் மறந்துவிடும். அதனால் என்னிடம் வருபவர்களுக்கு ரிப்போர்ட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுப்பேன்: எனக்குப் புண் வந்த தேதி இது, வரவே இல்லை என்றால் வரவில்லை. சந்தேகப்படும் நாள் இது. ரத்தம் எடுத்த நாள்கள் இவை. இதில் எந்த ரிப்போர்ட் ஐஜிஜி, இரண்டு வகையும் தனித்தனியாக வந்திருக்கிறதா? என் எண் வரம்புக்குப் பக்கத்தில் நிற்கிறதா? வேறு முறையில் ஒன்று எடுக்க வேண்டுமா, எடுத்தால் எந்தத் தேதிக்குப் பிறகு? அடுத்த முறை புண் வந்தால் ஸ்வாப் எடுக்க நேராக உங்களிடம் வரலாமா?

போன மாதம் ஒருவர் அந்தப் பின்பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். என் பென்சில் எழுத்துக்குக் கீழே டாக்டர் பேனாவால் ஒரு தேதி எழுதி, ‘அதற்கு முன் எந்த டெஸ்டும் வேண்டாம்’ என்று கோடு போட்டிருந்தார். தேதி வருவதற்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதை அவர் மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.